ஏற்றத்தில் தேய்ந்த கட்டை

"சாமி, என் வண்டிக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்றார் ஒச்சப்பன்.

மலை உச்சி மடத்துச் சாமியம்மா மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஒச்சப்பனைவிட வயதில் இளையவர். ஆனால் ஒச்சப்பன் அவரிடம் தீட்சை வாங்கியவர். அதனால் இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

"எந்த வண்டிக்கு அண்ணே?"

"வீட்டு வண்டிக்கு."

ஒச்சப்பன் ஊர் ஊராகத் திருவிழாக்களில் ராட்டினம் போடுகிறவர். ராட்டினம் லாரியில் முன்னால் போய்விடும். குடும்பம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் வரும். நாலு சக்கரத்தின் மேல் தகரச் சுவர், தகரக் கூரை, ஒரு ஜன்னல், அடுப்பு, கட்டில். அதுதான் வீடு.

"என்ன பண்ணுது?"

"பிரேக் கட்டை நிக்க மாட்டேங்குது சாமி. வருசக்கணக்கா உழைக்கணும். ரெண்டு திருவிழா தாண்டல, தேய்ஞ்சு தகடாப் போகுது. மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாச்சு. இன்னைக்கு மலைப் பாதையில சக்கரத்துல புகையே வந்துடுச்சு."

"இறங்கும்போதா?"

"இல்ல சாமி. ஏறும்போது."

சாமியம்மா கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தார்.

"ஏத்தத்துல யாரு அண்ணே பிரேக் பிடிப்பா?"

 ஒச்சப்பன் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"இதை மந்திரிச்சுக் கொடுங்க. வண்டியில கட்டிக்கிறேன்."

சாமியம்மா வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"நல்ல பழம். ஊறுகாய்க்கு ஆகும்."

பூண்டுக் கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த வீராயி சிரித்துவிட்டாள். ஒச்சப்பனின் மனைவி.

"இப்படி நாலு வார்த்தை சொல்லுங்க சாமி. இந்த மனுசன் வாங்கிக் கட்டின எலுமிச்சம்பழத்துல ஒரு ஊருக்கே சாறு பிழியலாம்."

சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"இந்தக் கட்டையை நம்பி நான் மலை இறங்க மாட்டேன். உள்ளே பிள்ளை தூங்குது. எங்களுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

சாமியம்மா எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்து டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனார். அனல் அடித்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"கைபிரேக் எங்கே இருக்கு?"

"அது சரியாத்தான் இருக்கு சாமி" என்றார் ஒச்சப்பன் அவசரமாக.

சாமியம்மா குனிந்து பார்த்தார். வண்டியின் முன்பக்கம் கைபிரேக் லிவர். அதைச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கிய கட்டுக்கம்பி.

"இது எதுக்கு?"

"லிவர் முழுசா இறங்கிடாம இருக்க. ஒரே ஒரு பல்லுதான் சாமி ஏத்தி வெச்சிருக்கேன். கட்டை டிரம்மைச் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்."

"ஓடும்போதும்?"

"ஓடும்போதும்."

"பட்டறையில யாரும் சொல்லலையா?"

"பட்டறைக்குப் போகும்போது அவிழ்த்துடுவேன்."

"ஏன்?"

"மேஸ்திரி திட்டுவார்."

வீராயி படியிலிருந்து இறங்கி வந்தாள். கம்பியைப் பார்த்தாள். அவள் அதை இதற்கு முன் பார்த்ததில்லை.

"தவசி போனதுலேர்ந்தா?"

ஒச்சப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

தவசி அவர்கள் மகன். ஒரு சரிவான பொட்டலில் திருவிழா முடிந்து எல்லாரும் ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். டிராக்டர் இன்னும் மாட்டவில்லை. அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பையன் சக்கரத்துக்கு வைத்திருந்த முட்டுக்கல்லை எடுத்தான். கைபிரேக்கையும் இறக்கினான். வீடு உருள ஆரம்பித்தது. ஓடி விலகியிருக்கலாம். வீடாயிற்றே. முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தான்.

சாமியம்மா கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாத்துக் கட்டை வெச்சிருக்கீங்களா அண்ணே?"

"இருக்கு."

"போடுங்க."

ஒச்சப்பன் டிரம் ஆறும்வரை காத்திருந்தார். கம்பியை அவிழ்த்து ஓரமாக வைத்தார். ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார். பழைய கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வீராயி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். பிடிக்கிற பாகமே இல்லை. வெறும் இரும்பு.

"இதை வெச்சா என் பிள்ளையை மலை இறக்க இருந்தீங்க?"

"பிள்ளைக்காகத்தான் கம்பி கட்டினேன் வீராயி."

"எந்தப் பிள்ளைக்காக?"

ஒச்சப்பன் புதுக் கட்டைகளைப் போட்டு முடித்தார். சக்கரங்களை மாட்டினார். லிவரை ஒரு பல் ஏற்றினார். கை தானாகக் கம்பியைத் தேடியது.

சாமியம்மா அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"டிராக்டரைக் கழட்டுங்க அண்ணே."

"இங்கேயா?"

"இங்கேதான்."

மடத்து முற்றம் முழுக்கப் பாறை. மிளகு காயப்போடுகிற இடம். கொட்டின மிளகு ஒன்றுகூட உருளாது.

கழற்றினார்.

"முட்டுக்கல்லை எடுங்க."

எடுத்தார்.

"பாப்பாவைத் தூக்கிக்கவா சாமி?" என்றாள் வீராயி.

"தூங்கட்டும். எழுப்பாதே."

அப்புறம் சாமியம்மா ஒச்சப்பன் பக்கம் திரும்பினார்.

"லிவரை இறக்குங்க."

ஒச்சப்பன் லிவரைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

"அவன் கை வெச்ச இடம் சாமி இது."

"தெரியும் அண்ணே."

"இறக்க முடியல."

 சாமியம்மா கூடைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பூண்டு உரிக்க ஆரம்பித்தார். இரண்டு பூண்டு. மூன்று பூண்டு. முற்றத்தில் தோல் பறந்தது.

டக்கென்று சத்தம் கேட்டது.

லிவர் முழுசாக இறங்கியிருந்தது.

அடுத்த நொடி ஒச்சப்பன் பாய்ந்து வண்டிக்கு முன்னால் போனார். இரண்டு உள்ளங்கையையும் தகரத்தில் பதித்தார். காலை அகட்டி, முழு உடம்பையும் கொடுத்துத் தாங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. வேர்வை தாடையில் வழிந்தது.

வீராயி ஓடி வந்தாள்.

"தள்ளிக்குங்க."

அவரை விலக்கத்தான் வந்தாள் போல இருந்தது. வந்தவள் அவர் பக்கத்தில் நின்று தன் இரண்டு கையையும் வண்டியில் பதித்துக்கொண்டாள்.

உள்ளே பிள்ளை புரண்டு படுத்தது. கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது.

வண்டியின் நிழல் நீண்டு பாறையின் விளிம்புக்குப் போயிற்று. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

சாமியம்மா எழுந்து வந்தார். கையில் பூண்டு வாசனை. முந்தானையால் வீராயியின் முகத்தைத் துடைத்தார். அப்புறம் ஒச்சப்பன் முகத்தையும்.

"இது சமதரை அண்ணே. வண்டி தானா நிக்குது."

அவர்கள் அசையவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் யாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"