கௌதாரியின் முகம்

முத்துப்பேச்சி ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவள். தொட்டி நிறைகிற நேரத்தில் உடைமரக் காட்டுக்குள் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பாள். அவளிடம் படிக்க வந்த சீடருக்கு அவள் அப்பா வயது. பெயர் தவசிக்கண்ணு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். கழுத்தில் மகன் அனுப்பிய காமிரா.

"பொண்ணு பார்க்கவா போறோம் அண்ணாச்சி?"

"ஏம்மா?"

"இந்த வெள்ளையைப் பார்த்தா காடே காலியாயிரும்."

மறுநாள் பழைய பச்சைக் கைலியில் வந்தார்.

"எந்தப் பறவை வேணும்?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால காலையில கூப்பிடுதே ஒரு கௌதாரி. அது ஒண்ணு போதும்."

"எங்கிட்ட நாப்பது கௌதாரிப் படம் இருக்கு. ஒண்ணு தாரேன், கொண்டு போங்க."

"சந்திரவடிவு கேட்டது அதை இல்லம்மா."

சந்திரவடிவு அவர் மனைவி. வாதத்தில் கை கால் ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறாள். விடிந்ததும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கௌதாரி கத்தும். "எந்திரிச்சிட்டான்" என்பாள். அதன் பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். ஒரு நாள், "தினமும் பேசுதான், மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியலையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ரொம்பக் கொஞ்சம். இதைக்கூடக் கேட்டுவிட்டு, "முடிஞ்சாப் பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காமிரா பையிலேயே இருக்கட்டும். தினமும் ஒரே இடத்துல உட்காருங்க. இது ஒரு கல்லுன்னு அது நினைக்கணும்" என்றாள் முத்துப்பேச்சி.

"கல்லு மூச்சு விடலாமா?"

"விடலாம். இருமக் கூடாது."

வீட்டுக்குப் பின்னால் உள்ள உடைமரத்தடியில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தார். கட்டெறும்பு கடித்தது. பத்தடி தூரத்தில் சத்தம் கேட்கும், ஆளைக் காணாது. வீடு திரும்பினால் சந்திரவடிவு முதலில் அவர் கையைப் பார்க்க மாட்டாள், முகத்தைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "நாளைக்கு வரும்" என்பாள். மறுநாள் அவர் இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடுவார்.

பதிமூன்றாம் நாள், தங்கை மகன் போனில் ஒரு சத்தத்தை அனுப்பினான். கௌதாரி கூப்பிடுகிற சத்தம். போனைப் புதருக்குள் வைத்து அதை ஓட விட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடி வந்தது கௌதாரி. வரிசையாகப் படம் எடுத்தார். போனை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தார்.

சந்திரவடிவு படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கான்."

"இருக்கான்லா!"

"யாரையோ தேடுத மாதிரில்லா பார்க்கான். யாரை?"

அவர் கஞ்சி ஆற்றப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்தது. கௌதாரி கத்தவில்லை.

"தூங்கிட்டானோ?" என்றாள்.

அடுத்த நாளும் கத்தவில்லை. மூன்றாம் நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். தவசிக்கண்ணு செருப்புக்கூடப் போடாமல் தொட்டிக்குப் போனார்.

"அதைத் திரும்ப எப்படிம்மா கூப்பிடுறது?"

முத்துப்பேச்சி வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். "முதல்ல எப்படிக் கூப்பிட்டீங்க?"

மறைக்காமல் சொன்னார். அவள் திருகுவதை நிறுத்தினாள்.

"படம் எடுத்ததும் கிளம்பிட்டீங்களா?"

"ஆமா."

"அது எவ்வளவு நேரம் அங்கயே நின்னுச்சு?"

"பார்க்கலையே."

"திரும்பி வருமான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன அதைப் பிடிச்சா வச்சிருக்கேன்? ஒரு இறகு தொட்டிருப்பேனா? படம்தானே எடுத்தேன்!"

அவள் கையை இடுப்பில் செருகியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டு தொட்டிச் சுவரில் சாய்ந்தாள்.

"எங்கய்யா கௌதாரி பிடிக்கிறவர். பழக்கின கௌதாரி ஒண்ணைக் கூண்டுல வச்சுக் காட்டுக்குள்ள கொண்டு போவார். சுத்திக் கண்ணி விரிப்பார். கூண்டுல இருக்கிறது கூப்பிடும். நம்மள்ல ஒண்ணு கூப்பிடுதுன்னு காட்டுல உள்ளது ஓடியாரும். கால் மாட்டும்."

"அது பாவம். நான் செஞ்சது அது இல்லையே."

"இல்லைதான். எங்கய்யாகிட்ட ஓடி வந்த கௌதாரிக்குப் பார்க்க, கூண்டுக்குள்ள இன்னொரு கௌதாரியாவது இருந்துச்சு."