சொட்டக் கூடாத பெட்டி

இது நான் பார்த்ததல்ல. மண்டபத்து விசைப்படகுக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டது.

படகைத் தள்ளும் காற்றாடியின் தண்டு அடிப்பலகை வழியாகக் கடலுக்குள் இறங்கும் இடத்தில், தண்ணீரை அடைக்க ஒரு பித்தளைப் பெட்டி உண்டு. அதிலிருந்த பழைய கயிற்றைப் பிடுங்கி, கிரீஸ் தோய்த்த புதுக் கயிறு திணித்தான் கூலி மெக்கானிக் இன்னாசி. எஞ்சின் ஓடியதும் பெட்டியில் தண்ணீர் சொட்டியது. முதலாளி சந்தியாகு கோபத்தில் குதித்தார்.

"இனி ஒரு சொட்டு விழுந்தாலும் இந்தத் துறையில உனக்கு வேலை கிடையாதுடா!"

"அப்ப நீங்களே நட்டை இறுக்குங்க முதலாளி. பெட்டி மேலயே கையை வச்சுக்கங்க. கசிஞ்சா உடனே தெரியும்."

முதலாளி மூச்சுப்பிடித்து இறுக்கினார். சொட்டு நின்றது! எட்டிப் பார்த்தவர்களிடம் மீசையை முறுக்கினார். கொஞ்ச நேரம்தான்.

"ஐயோ, சுடுதே! தளர்த்துடா, தளர்த்து!"

தளர்த்தினான். சொட்டு விழுந்தது.

"சொட்டிருச்சே முதலாளி, நான் கிளம்பவா?"

"கிளம்பினே, காலை உடைப்பேன்!"

பிறகு இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரித்தேன். தண்டு சுழலும்போது கயிற்றைக் குளிர வைப்பதே அந்தச் சொட்டுதான். அறவே நிறுத்தினால் கயிறு கருகிவிடும்.