பாலை ஒளித்த பசு

ஓடைக்கரைத் தோட்டத்துக் கொட்டகையில் செம்பிப் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. காது, கழுத்து, முதுகு, வால் என்று ஓர் இடம் விடவில்லை. பசுவுக்குக் கை கிடையாது. துடைப்பது, குளிப்பாட்டுவது, தட்டிக்கொடுப்பது எல்லாம் அந்த ஒரு நாக்குதான்.

"காதுக்குள்ளே வேண்டாம்மா, கூசுது" என்றது கன்று. அதன் பெயர் சிட்டு. பெண் கன்று; செம்பிக்கு அதுதான் தலைச்சன்.

செம்பி கூச்ச சுபாவம். பக்கத்துத் தோட்டத்து மாடு எட்டிப் பார்த்தாலே வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். யாரிடமும் லேசில் ஒன்றும் கேட்காது. கேட்காததை எல்லாம் தானாகவே நினைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு மாட்டுத் தரகர் வந்தார். தோட்டக்காரர் நாச்சிமுத்து கையும் தரகர் கையும் ஒரே துண்டுக்குள் போயின. மாட்டு விலையை அந்தப் பக்கத்தில் வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பேசிக்கொண்டே இருவரும் செம்பியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

செம்பி வாயிலிருந்த வைக்கோலை அப்படியே கீழே போட்டது.

வேலியோரம் தழை கடித்துக்கொண்டிருந்த வெள்ளாட்டுக் கிடாவைக் கூப்பிட்டது. "கிடாத்தம்பி, துண்டுக்குள்ளே என்ன பேசறாங்க?"

கிடாவுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லத் தெரிந்த கிடா எந்த ஊரில் இருக்கிறது?

"உன்னைத்தான் அக்கா விலை பேசறாங்க. பார்வையிலேயே தெரியலையா? கிடேரிக் கன்னை வீட்டுக்கு வச்சுக்குவாங்க. உன்னை மட்டும் ஓட்டி விட்டுடுவாங்க."

"என் சிட்டை விட்டுட்டா?"

"அழாதே. பால் இல்லாத மாட்டை எவன் வாங்குவான்? நீ பாலை ஒளிச்சுக்க."

"உனக்கு எப்படித்தான் இப்படியெல்லாம் தோணுதோ!"

"தாடி சும்மாவா வளர்த்திருக்கேன்?" என்றது கிடா.

சாயங்காலம் தோட்டக்காரர் மனைவி பாவாத்தாள் பால் வாளியோடு வந்தாள். வழக்கம்போலக் கன்றை மடியில் நாலு வாய் ஊட்டவிட்டுப் பிரித்துக் கட்டினாள். காம்பில் விளக்கெண்ணெய் தடவிக் கறக்க உட்கார்ந்தாள். செம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பாலை மேலே இழுத்துக்கொண்டது. தினமும் நுரை தளும்பும் வாளியில் அன்றைக்கு அடிகூட மறையவில்லை.

"ஏண்டி, உனக்கு என்னாச்சு?" என்று பாவாத்தாள் கழுத்தைத் தடவினாள்.

செம்பி கூரையைப் பார்த்தது.

மறுநாளும் அதே கதைதான். கூடவே வாளிக்கு ஓர் உதை. பாவம், உடம்புக்கு முடியவில்லையோ என்று பாவாத்தாள் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள். பால் கொடுக்காமல் இதைத் தின்ன செம்பிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே தொட்டியை வழித்து நக்கியது.

அடுத்தடுத்த நாட்களில் மடி வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனத்தது. படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "பொறு அக்கா, யோசனை பலிக்குது" என்றது கிடா.

பலிக்கத்தான் செய்தது. ஒரு நாள் நாச்சிமுத்துவும் பாவாத்தாளும் கொட்டகை வாசலில் நின்று பேசினார்கள்.

"செம்பி மாதிரியே இன்னொரு மாடு வாங்கலாம்னுதான் தரகரை வரச் சொன்னேன். இவளைக் காட்டி, இந்தச் சாடையிலே ஒண்ணு பாருங்கன்னு சொன்னேன். இப்ப இவளே வத்திப் போயிட்டா" என்றார் நாச்சிமுத்து.

"ரெண்டைக் கட்டித் தீனி போட நம்மாலே ஆகாதுங்க. இவளைக் குடுத்துட்டே புதுசை ஓட்டியாங்க. கன்னு மட்டும் இங்கேயே இருக்கட்டும்" என்றாள் பாவாத்தாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

செம்பி அசைபோடுவதை நிறுத்தியது. துண்டுக்குள் அன்றைக்கு நடந்தது வாங்குகிற பேச்சு. விற்கிற பேச்சே இல்லை. சந்தைக்குப் போகாமல், தரகு கொடுக்காமல், தன்னைத் தானே விற்றுக்கொண்ட பசு இந்தச் சீமையிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று செம்பி நினைத்துக்கொண்டது.

சரி, விடிந்ததும் பாலை விட்டுவிடலாம் என்று இருந்தது. ஆனால் பாவாத்தாள் வாளி எடுக்கும் முன்பே தரகர் வந்துவிட்டார், தோளில் புதுக் கயிற்றோடு. விற்ற மாட்டோடு வீட்டுக் கயிறு போகக்கூடாது.

செம்பி பாலை இறக்கப் பார்த்தது. இறங்கவில்லை. வேண்டுமென்று அடக்கியபோது அடங்கிய பால், வா வா என்று கெஞ்சியபோது வரவில்லை. பயந்த மாட்டுக்குப் பால் சுரக்காது.

"கிடாத்தம்பி, இப்ப என்ன பண்றது?"

"அதுக்கும் நானேதான் வழி சொல்லணுமா?" என்று கிடா வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நாச்சிமுத்து பழைய கயிற்றை அவிழ்த்தார். பாவாத்தாளுக்கு மனம் கேட்கவில்லை. "ஒரே ஒரு வாய் கன்னு ஊட்டட்டுமுங்க. அப்புறம் ஓட்டிட்டுப் போங்க" என்று சிட்டை அவிழ்த்துவிட்டாள்.

சிட்டு ஓடி வந்து மடியை முட்டியது. செம்பி தரகரை மறந்தது, கயிற்றை மறந்தது, கன்றின் வாலடியை மோந்து பார்த்தது. அவ்வளவுதான். சிட்டுவின் கடைவாயில் நுரை வழிந்தது. மற்றக் காம்புகளிலிருந்து பால் தானாகவே பீச்சி மண்ணை நனைத்தது.

பாவாத்தாள் குனிந்து பார்த்தாள். "அடி கள்ளி, இத்தனையும் ஒளிச்சா வச்சிருந்தே?"

"மாடு குடுக்கிறதுக்கில்லீங்க" என்றார் நாச்சிமுத்து.

தரகர் கண்ணில் பால் பட்டுவிட்டது. "விலையைக் கூட்டிப் பேசிக்கலாமுங்க" என்று துண்டை விரித்தார்.

"கையே போடறதுக்கில்லீங்க" என்று நாச்சிமுத்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தரகர் புதுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

சிட்டு வாயைத் துடைக்காமலே கேட்டது. "ஏம்மா பாலை ஒளிச்சு வச்சே?"

"உங்கம்மாவுக்குக் கொம்பு வளர்ந்த வேகத்துக்குப் புத்தி வளரலை கண்ணு" என்றது செம்பி. "பாதியைப் பார்த்துப் பயந்து தந்திரம் பண்றவ, வராத ஆபத்துக்குத் தானே வழிகாட்டிக் கூட்டிட்டு வருவா. அதனாலே நீ எப்பவும் எதையும் முழுசாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறமா..."

"ஏ செம்பி, இந்தப் பக்கம் திரும்பு. கறக்கணும்" என்று பாவாத்தாள் வாளியோடு கூப்பிட்டாள்.