ஐந்தாவது பெட்டி

மில் மூடியபோது சங்கத் தலைவர்கள் வேறு மில்லுக்குத் தலைவர்களாகப் போனார்கள். தொழிலாளி கோதண்டம் ரோசலினிடம் சீடராகப் போனார்.

ரோசலின் காசிமேட்டில் மீன்பாடி வண்டி கட்டுகிறவள். மூன்று சக்கரம், இரண்டு நீளக் குழாய், முன்னால் பெட்டி ஏற்றப் பலகை, குழாய்க்கு அடியில் பழைய மொபெட் எஞ்சின், அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு செயின். அவ்வளவுதான் வண்டி. ஆனால் அவள் கட்டியது நடுவழியில் நின்றதில்லை.

கோதண்டம் அவளைவிட மூத்தவர். இருந்தும் "வாத்தியாரே" என்றுதான் அழைப்பார். சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

அவர் தனியாகக் கட்டிய முதல் வண்டியை மீன் விற்கும் தேசம்மா வாங்கினாள். அந்தத் தெருப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக் காட்டவேண்டும். மற்றப் பட்டறைக்காரர்கள் கூடி நின்று காது கொடுப்பார்கள். கோதண்டத்தின் செயின் மூச்சு விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் தேசம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"யோவ் கோதண்டம்! இன்னாய்யா வண்டி இது? பெட்டி ஏத்துனா ஊளை உடுது. தெரு நாயெல்லாம் பின்னாடி வருது. மீனுக்கு வருதா, சொந்தக்காரன்னு நெனச்சு வருதான்னு தெரில."

கோதண்டம் பெட்டிகளை இறக்கி வைத்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். இரண்டு பல்சக்கரமும் நேராக இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். நேராகத்தான் இருந்தன. கட்டைமேல் தூக்கி ஓட்டினார். சத்தமே இல்லை.

"வண்டி சரியாத்தான் கீது. எத்தினி பெட்டி ஏத்துற?"

"அஞ்சு."

"நாலு ஏத்து."

தேசம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நாலு பெட்டி ஏலக்காரனுக்கும் ஐஸுக்கும் பூடும். அஞ்சாவதுதான் என் ஊட்டுச் சோறு. அத்த எறக்கச் சொல்றியா? உன் வண்டிய நீயே வெச்சுக்க. நான் தலையிலயே சொமக்கறேன்."

முதல் வண்டி திரும்பி வந்தால், இரண்டாவது வண்டி கேட்டு யாரும் வரமாட்டார்கள். கோதண்டம் ரோசலினிடம் போனார்.

"வாத்தியாரே, கோளாறு வண்டியிலயா, பாரத்துலயா?"

ரோசலின் வந்து, ஐந்து பெட்டியையும் ஏற்றச் சொன்னாள்.

"அக்கா, ஓட்டுற எடத்துல நீ குந்து."

தேசம்மா உட்கார்ந்தாள். நீளக் குழாய்கள் நடுவில் மெல்லத் தொய்ந்தன. அடியிலிருந்த எஞ்சின் முன்னால் ஒரு விரல் தள்ளிப் போனது.

"அண்ணே, செயினத் தொட்டுப் பாருங்க."

கோதண்டம் விரலால் அழுத்தினார். அசையவில்லை.

"கம்பி கணக்கா கீது."

"எப்ப முறுக்குனீங்க?"

"கட்டைமேல நிக்கறப்ப."

"அப்ப வண்டில யாரு இருந்தா?"

கோதண்டம் கட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் இல்ல."

ரோசலின் ஸ்பானரை நீட்டினாள். "இப்ப வைங்க அளவு."

அவர் தரையில் படுத்தார். தலைக்கு மேல் ஐந்து பெட்டி, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, பின்சக்கரத்தைத் தளர்த்திச் செயினுக்கு இடம் கொடுத்தார். எழுந்தபோது சட்டை முழுக்க மீன் நாற்றம்.

"இப்பதான்யா நீ வண்டி கட்டறவன் மாதிரி கீற" என்று சொல்லிவிட்டு தேசம்மா கிளம்பினாள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. தெருமுனை திரும்பும் வரை கோதண்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஊளை இல்லை.

வெயில் ஏறியபின் அவள் விற்றுவிட்டுத் திரும்பினாள். பெட்டிகள் காலி. பாரம் இறங்கியதும் குழாய்கள் நிமிர்ந்து, செயின் தொளதொளத்து, வழியெல்லாம் சளசளவென்று அடித்துக்கொண்டு வந்தது.

பட்டறைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"இன்னா கோதண்டம், வண்டிக்குச் சலங்கை கட்டிட்டியா?"

"மில்லுல இத்தத்தான் கத்துக் குட்த்தாங்களா?"

தேசம்மா அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. "அஞ்சும் வித்துச்சு. நாளைக்கும் இதுதான்" என்றாள். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள்.

கோதண்டம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். ரோசலின் அவர் கையைப் பிடித்தாள்.

"ஒரு சுத்துதான் முறுக்கறேன் வாத்தியாரே. பாக்கறவன்லாம் சிரிக்கறான்."

"அவன் பெட்டி எதுவும் இதுல ஏறலியே, அண்ணே."