ஐஸ் பெட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட்

கோத்தகிரியில் ஜீப்புகளுக்கு டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் செய்கிற பட்டறை ஒன்றை நசீமா நடத்தி வந்தாள். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த ஞானசிகாமணிக்கு அறுபத்து மூன்று. சுற்றுலா வேன் ஓட்டி ஓய்ந்தவர்.

முதல் நாள் ஒரு தகர ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த பெட்டி. இப்போது சிவப்பை விடத் துருதான் அதிகம்.

"வச்சிட்டுப் போங்க ஐயா. மூணு நாள்ல முடிச்சுத் தர்றேன்."

"இல்லம்மா. நானே செய்யணும். எப்படின்னு மட்டும் சொல்லிக் கொடு."

"ஏன்?"

"வீட்டுக்காரி சொன்னா."

ஞானசிகாமணிக்கு ஷைனி என்று ஒரே மகள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மே மாதத்தில், குடும்பமாக ஓர் அணைக்கரைக்குப் போய் டென்ட் அடித்துத் தங்கினார்கள். அங்கே ஷைனி தண்ணீரில் மூழ்கிப் போனாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஐஸ் பெட்டி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அதைக் கரைக்கு இழுத்து வந்த ஞானசிகாமணி, வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் போட்டார். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இந்த வருஷம் கொட்டகையைச் சுத்தம் செய்தபோது மனைவி ஃபுளோரா அதை வெளியே எடுத்தாள்.

"பிள்ளை கடைசியா தொட்டது இது. பழையபடி சிவப்பாக்கிக் கொடுங்க. ஹால்ல வைக்கணும். உங்க கையாலயே செய்யுங்க."

அவர் இதையெல்லாம் சொன்னதும் நசீமா கற்றுக்கொடுத்தாள். உள்தகட்டையும் நடுவில் அடைத்திருந்த பஞ்சையும் கழற்றச் சொன்னாள். வெளிக்கூட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்த பிறகு ப்ரைமர், அப்புறம் பெயிண்ட். ஒரு வாரத்து வேலை.

இரண்டு மாதம் ஆயிற்று. ஞானசிகாமணி தேய்ப்பார். ப்ரைமர் அடிப்பார். மறுநாள் வந்து கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இங்க ஒரு புள்ளி துரு நிக்குதும்மா" என்பார். அடித்த ப்ரைமர் மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிடுவார். ஆறு தடவை இப்படி நடந்தது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு தேய்த்தார். நசீமா பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஏழாவது தடவை அவரே கேட்டார்.

"வாத்தியாரம்மா, எவ்வளவு தேய்ச்சா இந்தத் துரு முழுசாப் போகும்?"

நசீமா கூட்டை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனாள். வெயிலுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள பாருங்க."

குனிந்து பார்த்தார். தகரமெங்கும் ஊசிமுனை அளவில் வெளிச்சம் வந்தது. இருபது முப்பது இடத்தில்.

"துரு இவ்வளவு தின்னுருக்கா?"

"துரு தின்னது அந்த மூலையில ரெண்டே ரெண்டுதான். அதை நீங்க வந்த அன்னிக்கே பார்த்தேன். மத்ததெல்லாம் நீங்க தேய்ச்சது."

ஞானசிகாமணி வாசற்படியில் உட்கார்ந்தார். 

"ஷைனி அவளாத் தண்ணியில இறங்கலைம்மா."

நசீமா கூட்டைக் கீழே வைத்தாள்.

"பெட்டி வெயில்ல காயுது, கொண்டு போய்த் தண்ணியில வையின்னு நான்தான் சொன்னேன். வழுக்கும், வேண்டாம்ப்பான்னா. சோம்பேறின்னு திட்டினேன். ஃபுளோரா அப்ப அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போயிருந்தா. பிள்ளை தானா இறங்கிட்டான்னு சொல்லிட்டேன். இன்னி வரைக்கும் அவ அப்படித்தான் நம்பிட்டிருக்கா. இதைச் சிவப்பாக்கி ஹால்ல வச்சா, தினமும் அவ இதைத் தொட்டுக் கும்பிடுவா. நான் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடணும்."

"இதை ஏன் ஐயா எங்கிட்ட சொல்றீங்க?"

அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலமே ஃபுளோராவிடம் சொல்லிவிட்டார். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். மிச்சமிருந்த பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு ஷைனியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் ஒரு பேச்சும் இல்லை. சமைத்து வைப்பாள். திரும்பவும் அறைக்குள் போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"போறப்ப திரும்பிப் பார்த்தாளா?"

ஞானசிகாமணி பொய் சொல்லியிருக்கலாம். இந்த முறை முடியவில்லை.

"நான் கவனிக்கலை. டென்ட் ஆணி அடிச்சிட்டிருந்தேன்."

ஃபுளோரா அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. முதல் இரண்டு நாளும் அவள் தாழ்ப்பாள் போட்டதில்லை.

மறுநாள் பட்டறைக்கு வந்தார். நசீமா ஒரு ஜீப் கதவின் பள்ளத்தில் பட்டி பூசிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியின் கூடு அவர் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது.

"சொல்லிட்டேன்மா."

அவள் தலையசைத்தாள்.

"பெட்டியை என்ன செய்யறது?"

"அந்தம்மா கேட்ட பெட்டி இது. வேணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்."

ஞானசிகாமணி உப்புத்தாளைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

"சொன்னா நெஞ்சு லேசாகும்னு நெனச்சேன். ஆகலை. முன்னாடி பிள்ளை இல்ல, இவளாவது இருந்தா. இப்ப இவளும் இல்லாத மாதிரி இருக்கு. பன்னண்டு வருஷமா ஒரு நாள் நான் நிம்மதியாத் தூங்கலை. இன்னும் எவ்வளவு நாள் வாத்தியாரம்மா? அதையாவது சொல்லு."

நசீமா பட்டித் தகட்டைத் துடைத்து ஓரமாக வைத்தாள். அவர் கையிலிருந்த உப்புத்தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குப் பன்னண்டு வருஷம் ஆச்சு ஐயா. அந்தம்மாவுக்கு இது நாலாவது நாள்."