வெதுவெதுப்பான பந்து

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மலைமேல் ஒரு பழைய கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் என் சித்தப்பா சொன்னது.

கிளப் செயலாளர் தண்டபாணி ஒரு தூறல் நாளில் நண்பர்கள் இருவரோடு ஆடினார். அவர் அடித்த பந்து புதருக்குள் மறைந்தது. எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, "இதோ கிடக்கு" என்று புல்வெளி நடுவிலிருந்து தண்டபாணி குரல் கொடுத்தார்.

நண்பர்கள் நம்பவில்லை. தன் மட்டைப்பையைச் சுமந்து வந்த மாதேசனை அவர் கூப்பிட்டார்.

"நான் அடிச்ச பந்து இதுதானே? யோசிச்சுச் சொல்லு. நாளைக்கும் நீ வேலைக்கு வரணும்."

மாதேசன் குனிந்து பந்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயா பந்தேதாங்க. கைராசி அப்படி. இந்தத் தூறல்ல இருநூறு கஜம் பறந்து, ஈரப் புல்லுல கிடந்தும் ஒரு சொட்டு நனையல. தொட்டுப் பாருங்க, இன்னும் வெதுவெதுன்னு இருக்கு."

ஒரு நண்பர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தண்டபாணி, கால்சட்டைப் பையில இன்னும் எத்தனை பந்துப்பா இருக்கு? மாதேசனை வேலைய விட்டு எடுத்தா, ஏன்னு ஊரெல்லாம் நான் சொல்லுவேன்."

சித்தப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்பவர். அதனால் போன மாதம் நானே போய் விசாரித்தேன். மாதேசன் இன்னும் வேலையில் இருக்கிறார். தண்டபாணியின் பந்தில் மட்டும், ஆட்டம் தொடங்கும் முன் நண்பர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.