விருந்துக்குப் பத்துக்குப் பத்து

ரெஜினா ஒரு வீடியோ கேம் பத்திரிகையில் உதவியாசிரியை. அதன் ஆசிரியர் தணிகாசலம், 'கடல் வேந்தன்' கேம் கம்பெனி செலவில் மூன்று நாள் ரிசார்ட்டில் தங்கிவிட்டு, அறையையும் வஞ்சிர மீன் வறுவலையும் புகழ்ந்தபடி வந்து உட்கார்ந்தார்.

"விமர்சனம் எழுதும்மா. பத்துக்குப் பத்து வரணும். ஆனா ஒரு பொய்கூட இருக்கக் கூடாது, வாசகர்கள் கிழிச்சிடுவாங்க. முடியலேன்னா நாளையிலேர்ந்து வீட்டுலயே இரு."

"நீங்க விளையாடிப் பார்த்தீங்களா சார்?"

"எனக்கேதும்மா நேரம்?"

ரெஜினா விளையாடினாள். மூன்றாம் கட்டத்தில் கேம் கல்லாய் நின்றுவிட்டது. விமர்சனத்தை எழுதிக் கொடுத்தாள். எந்த விமர்சனத்திலும் கடைசி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது தணிகாசலத்தின் வழக்கம். பத்து இருந்தது, போதும்.

வெளியீட்டு விழாவில், பத்திரிகை முதலாளியும் வாசகர்களும் கேட்க, தணிகாசலமே அந்த விமர்சனத்தை மைக்கில் முழங்கப் படித்தார்: "ரிசார்ட் அறை அருமை. வஞ்சிர வறுவல் பிரமாதம். எல்லாம் கம்பெனி செலவு. எங்கள் ஆசிரியர் கேமைத் தொடவில்லை. தொட்ட நான் மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லை. விருந்துக்குப் பத்துக்குப் பத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அரங்கமே சிரித்தது.

"என்னம்மா இது?" என்று பல்லைக் கடித்தார்.

"எது பொய்னு சொல்லுங்க சார், அடிச்சிடறேன்."

அவர் தாளை மேலிருந்து கீழாகத் தேடினார். அதற்குள் முதலாளி எழுந்தார்.

"தணிகாசலம், இனிமே விருந்துக்கு மட்டும் நீங்க போங்க. விமர்சனத்தை அந்தப் பொண்ணு பார்த்துக்கட்டும்."